ஆறும்போது உருவாகும் பிளாஸ்டிக்: பி.பி.யும் ஹெச்.டி.யும் கலந்த பொருளின் உள்ளமைப்பு

ஷாம்பு பாட்டிலின் உடல் பெரும்பாலும் ஹெச்.டி., அதாவது அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன்; மூடி பி.பி., அதாவது பாலிபுரொப்பிலீன். காயலான் கடைக்கு இரண்டும் சேர்ந்தே வருகின்றன, அரவை மிஷினுக்குள்ளும் சேர்ந்தே போகின்றன. அரைத்த சில்லுகளைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டினால் பெட், பி.வி.சி. போன்ற கனமானவை அடியில் தங்கிவிடும். பெட்டின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.38 கிராம். பி.பி.யின் அடர்த்தியோ 0.90 முதல் 0.91 வரை, ஹெச்.டி.யின் அடர்த்தி 0.94 முதல் 0.97 வரை. இரண்டும் தண்ணீரைவிட லேசானவை, ஆகவே இரண்டும் மிதக்கும். மிதப்பதை அள்ளி உலர்த்தி உருக்கிக் குருணையாக்கினால் கிடைப்பது கலவைதான். அதில் அடித்த பொருளின் கைப்பிடி வளைத்தவுடன் முறியும். உருகல் வார்ப்பச்சுக்குள் (டை) நுழையும் வாயான கேட் இருக்கும் இடத்தில் வெங்காயத் தோல்போல ஏடு ஏடாக உரியும். அப்போது எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை சதவீதம் கலந்திருக்கிறது?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் அதோடு நின்றுவிடுகிறோம். ஒரே விகிதத்தில் கலந்த இரண்டு குருணைகளில் ஒன்று வளைந்துகொடுப்பதையும் மற்றது நொறுங்குவதையும் விகிதத்தைக் கொண்டு விளக்க முடியாது. உள்ளே துளிகள் எவ்வளவு சிறியவை, ஆறும்போது படிகங்கள் எங்கே தொடங்கி எப்படி வளர்ந்தன, இரு பொருளும் தொடும் எல்லையை எந்தச் சங்கிலியாவது கடந்து நிற்கிறதா என்ற மூன்றும் தெரிந்தால்தான் விளக்க முடியும். ஸ்க்ரூவுக்குள் நடப்பது கலத்தலின் ஒரு பாதிதான். மறுபாதி டைக்குள், குளிர்நீர் ஓடும் நேரத்தில் நடக்கிறது. இந்த அத்தியாயம் அந்த மறுபாதிக்காக வாதாடுகிறது.

முதலில், இவை ஏன் கலப்பதில்லை? இரண்டிலும் இருப்பவை கரியும் ஹைட்ரஜனும் மட்டுமே. பி.பி.யில் ஒன்றுவிட்டு ஒரு கரியணுவில் ஒரு மீத்தைல் கொத்து தொங்குகிறது, வேறுபாடு அவ்வளவுதான். இவ்வளவு நெருங்கிய உறவுக்காரர்கள் உருகிய நிலையிலாவது ஒன்றாகிவிடுவார்கள் என்று எதிர்பார்ப்பது இயல்பு. 1941, 1942 ஆண்டுகளில் பால் ஃபுளோரியும் மாரிஸ் ஹக்கின்ஸும் தனித்தனியே வகுத்த கணக்கு அந்த எதிர்பார்ப்பை உடைத்தது. சிறு மூலக்கூறுகள் கலக்கும்போது அவை அமரக்கூடிய விதங்கள் பெருகுகின்றன. அந்தப் பெருக்கமே கலப்பைத் தூண்டும் விசை. ஆயிரக்கணக்கான கண்ணிகள் கோத்த சங்கிலியிலோ ஒரு கண்ணி நகர்ந்தால் மற்றவையும் கூடவே வர வேண்டும். அதனால் கலப்பால் வரும் ஆதாயம் சங்கிலி நீள நீளக் குறைந்து ஏறக்குறைய இல்லாமலே போகிறது. அதன்பின் இரு கண்ணிகளுக்கிடையே கடுகளவு ஒவ்வாமை இருந்தாலே போதும், உருகல் இரண்டாகப் பிரிந்துவிடும். பாலிஸ்டைரீனும் பாலிஃபினைலீன் ஆக்ஸைடும் முழுமையாகக் கலப்பவை; 1960-களில் நோரில் என்ற பெயரில் சந்தைக்கு வந்த பொருள் அந்த நல்வாய்ப்பில் பிறந்தது. அப்படிப்பட்ட இணைகள் சில மட்டுமே. பழைய பிளாஸ்டிக்கைக் கையாள்கிறவர் கலப்பதில்லை என்பதையே விதியாக வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கலாம்.

கலக்காத இரண்டை உருக்கிப் பிசைந்தால் குறைவாக இருப்பது துளிகளாகும், மிகுதியாக இருப்பது அந்தத் துளிகளைச் சூழும். துளி எவ்வளவு சிறிதாகும் என்பதை இரண்டு விசைகளின் போட்டி முடிவு செய்கிறது: ஓட்டம் துளியை இழுத்துக் கிழிக்கப் பார்க்கும், பரப்பு இழுவிசை அதை உருண்டையாகவே வைத்திருக்கப் பார்க்கும். ஜி. ஐ. டெய்லர் 1934-ல் இதற்குப் போட்ட கணக்கு இன்றும் செல்லும். பட்டறைக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் பாகுத்தன்மையைப் பற்றியது. துளியும் சூழ்பொருளும் ஏறத்தாழ ஒரே பதத்தில் இருந்தால் துளி எளிதில் உடையும். துளி சூழ்பொருளைவிடச் சுமார் நான்கு மடங்குக்கு மேல் கெட்டியாகிவிட்டால் வெறும் உரசல் ஓட்டம் அதை உடைக்காது. துளி தன் இடத்திலேயே சுழன்றுகொண்டிருக்கும். ஸ்க்ரூவின் வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் பயன் சொற்பமே. இழுத்து நீட்டும் ஓட்டம்தான் அதை உடைக்கும். இரட்டை ஸ்க்ரூ எக்ஸ்ட்ரூடரின் பிசையும் துண்டுகள் இந்த வேலையைச் சாதாரண ஒற்றை ஸ்க்ரூவைவிட நன்றாகச் செய்வது அதனால்தான்.

இங்கே ஒரு பொறியைச் சொல்லியாக வேண்டும். பதத்தை ஒப்பிட எல்லோரும், உருகல் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்பதைக் காட்டும் எம்.எஃப்.ஐ. எண்ணைப் பார்க்கிறார்கள். பி.பி.க்கு அந்த எண் 230 டிகிரியில் அளக்கப்படுகிறது, பாலிஎத்திலீனுக்கு 190 டிகிரியில். எடை இரண்டுக்கும் 2.16 கிலோ. ஆக, "இதுவும் 8, அதுவும் 8, பொருந்தும்" என்று முடிவு கட்டுவது தவறு. இரண்டையும் நீங்கள் உண்மையில் ஓட்டும் வெப்பநிலையில் அளந்து பார்க்க வேண்டும். அதோடு, ஊதி வார்க்கும் பாட்டிலின் ஹெச்.டி. இயல்பிலேயே மிகக் கெட்டியான ரகம், மூடிக்கான பி.பி. நீர்த்தோடும் ரகம். மறுசுழற்சி இந்த இடைவெளியை மேலும் விரிக்கிறது. ஒவ்வொரு முறை உருகும்போதும் பி.பி.யின் சங்கிலிகள் அறுந்து அது மேலும் நீர்க்கிறது, பல ஹெச்.டி. ரகங்களில் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு மேலும் கெட்டியாகின்றன. மூன்று முறை உருகிய கலவை முதல் முறையைவிட மோசமாகக் கலப்பதற்கு அழுக்கு மட்டும் காரணம் என்று நினைப்பது சரியில்லை. ஒழுங்காக உடைந்த துளிகளும் உருகிய நிலையில் சும்மா நின்றால் ஒன்றோடொன்று முட்டிச் சேர்ந்து பெரிதாகின்றன. உணவு இடைவேளைக்கு மிஷினை நிறுத்திப் பேரலில் உருகலை ஊறவிட்டால் காலையில் செய்த கலவை மதியம் இருக்காது.

இனி படிகத்துக்கு வருவோம். பாலிஎத்திலீன் சங்கிலி ஒன்றின் நீளம் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான நானோமீட்டர். 1957-ல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ கெல்லர் கரைசலிலிருந்து வளர்த்த பாலிஎத்திலீன் படிகத் தகடுகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, அவற்றின் தடிமன் ஏறத்தாழ பத்து நானோமீட்டர்தான் இருந்தது. சங்கிலிகளோ தகட்டுக்குக் குத்தாக நின்றன. அவ்வளவு நீண்ட சங்கிலி அவ்வளவு மெல்லிய தகட்டுக்குள் குத்தாக நிற்க ஒரே வழி, புடவையை மடிப்பதுபோல் தன்னைத்தானே முன்னும் பின்னும் மடித்துக்கொள்வது. உருகல் ஆறும்போதும் இப்படிப்பட்ட தகடுகளே உருவாகின்றன. ஒரு கருவிலிருந்து அவை எல்லாத் திசையிலும் கிளைத்து வளர்ந்து உருண்டைகளாகின்றன; இந்த உருண்டைகளைக் கோளப்படிகம் என்கிறோம். தகடுகளுக்கு இடையே ஒழுங்கற்ற சங்கிலிகள் எஞ்சுகின்றன. ஒரு தகட்டில் தொடங்கி அடுத்த தகட்டில் முடியும் இணைப்புச் சங்கிலிகள்தான் முழுப் பொருளையும் கட்டிப்பிடித்து வைத்திருக்கின்றன. ஹெச்.டி.யில் சுமார் 60 முதல் 80 சதவீதம் படிகம், சாதாரண பி.பி.யில் அதைவிடக் குறைவு.

கோளப்படிகத்தின் அளவு ஆறும் வேகத்தைப் பொறுத்தது. இதை நம் சமையலறையே அறியும். உருக்கிய நெய்யை மெல்ல ஆறவிட்டால் மணல் மணலாக உறையும். சட்டென்று குளிரவைத்தால் வழவழப்பாக உறையும். மெல்ல ஆறும்போது கருக்கள் குறைவு, ஒவ்வொன்றும் நிதானமாக வளர்ந்து பெரிதாகிறது. வேகமாக ஆறும்போது கருக்கள் ஏராளம், ஒவ்வொன்றுக்கும் இடம் கொஞ்சம். படிகக் கருக்களைத் தோற்றுவிக்கும் சேர்க்கையான கருவாக்கி எதுவும் சேராத பி.பி.யை மெதுவாக ஆறவைத்தால் கோளங்கள் நூறு மைக்ரானையும் எட்டும். கருவாக்கி சேர்த்தால் சில மைக்ரானோடு நின்றுவிடும். பெரிய கோளங்களுக்கு இடையிலான எல்லைகளில் இணைப்புச் சங்கிலி குறைவு. படிகத்துக்குள் அமர முடியாத குட்டைச் சங்கிலிகளும் அழுக்கும் அங்கேதான் ஒதுக்கப்படுகின்றன. விரிசல் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும்.

ஒற்றைப் பிளாஸ்டிக்கின் கதை இவ்வளவுதான். கலவையில் ஒரு புதிய கேள்வி எழுகிறது: முதலில் உறைவது யார்? ஹெச்.டி. 130 டிகிரியை ஒட்டி உருகும், பி.பி. 165 டிகிரியை ஒட்டி. ஆகவே குளிரும்போது பி.பி.தான் முந்தும் என்று தோன்றும். உருகும் வெப்பநிலையும் உறையும் வெப்பநிலையும் ஒன்றாக இருந்தால் அது சரி. பி.பி. சோம்பேறிப் படிகம். கருவாக்கி இல்லாவிட்டால், நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் ஆற்றும்போது அது 110, 115 டிகிரிக்கு இறங்கிய பின்தான் உறைகிறது. ஹெச்.டி.யும் ஏறத்தாழ அதே இடத்தில், சில சமயம் சற்று முன்னதாகவே உறைந்துவிடுகிறது. பி.பி.க்கு மட்டும் பொருந்திய கருவாக்கியைச் சேர்த்தால் அதன் உறைநிலை 125, 130 டிகிரி வரை ஏறும். அப்போது பி.பி. கோளங்கள் வளரும்போது ஹெச்.டி. துளிகள் இன்னும் திரவமாகவே இருக்கும். வளர்ந்துவரும் படிக முகம் அந்தத் துளிகளைத் தள்ளிக்கொண்டு போகும், அல்லது வளைத்து விழுங்கும். அதே சமயம் படிகமாகும் பொருள் சுருங்குகிறது. ஒழுங்கற்ற பி.பி.யின் அடர்த்தி 0.85, அதன் படிகத்தின் அடர்த்தி சுமார் 0.94. இந்தச் சுருக்கம் கோளங்களின் இடைவெளியில் உறிஞ்சு விசையை உண்டாக்கும். திரவமாக நிற்கும் ஹெச்.டி. அந்த இடுக்குகளுக்குள் இழுக்கப்பட்டு, பிறகு அங்கேயே உறைகிறது. மரத்தச்சர் பொளி வைத்து இரு சட்டங்களைப் பூட்டுவதுபோல் இரண்டும் பூட்டிக்கொள்கின்றன. உறையும் வரிசை தலைகீழானாலோ இரண்டும் ஒரே நேரத்தில் உறைந்தாலோ இந்தப் பூட்டு விழாது.

சேர்க்கைகளை அலட்சியமாகக் கொட்டக் கூடாது என்று சொல்வது இதனால்தான். டால்க் வெறும் ஃபில்லர் என்று எண்ணிச் சேர்க்கிறார்கள், அது பி.பி.க்குக் கருவாக்கியும்கூட. நிறமும் சும்மா இருப்பதில்லை. தாலோசயனின் நீலமும் பச்சையும் ஹெச்.டி.க்குக் கருவாக்கிகள், அவை சேர்ந்த பெட்டிகளும் மூடிகளும் கோணிக்கொள்வது நெடுநாளாகத் தெரிந்த தொல்லை. குயினாக்ரிடோன் சிவப்பின் ஒரு வகை, பி.பி.யை அதன் வழக்கமான ஆல்ஃபா படிகத்துக்குப் பதிலாக பீட்டா படிகமாக உறையவைக்கும். பீட்டா படிகம் பத்துப் பதினைந்து டிகிரி குறைவாக உருகும், ஆனால் அடியைக் கூடுதலாகத் தாங்கும். கலர் கலராக வந்த சில்லுகளை அரைத்துச் சேர்க்கும்போது எத்தனை கருவாக்கிகள் கூடவே வருகின்றன என்பதை எண்ணிப் பார்த்தால், "அதே விகிதம், வேறு முடிவு" என்ற புதிரின் ஒரு பகுதி அவிழும்.

துளி மிகச் சிறிதானால் வேறொரு விசித்திரம் நிகழ்கிறது. தண்ணீர் 0 டிகிரியில் உறையும் என்று படித்திருக்கிறோம். மேகத்தின் நுண்துளிகளோ சுமார் மைனஸ் 38 டிகிரி வரைகூட உறையாமல் நிற்கக்கூடியவை. உறைதலைத் தொடங்கிவைக்க ஒரு தூசு வேண்டும். தூசுகளைவிடத் துளிகள் அதிகமாகிவிட்டால் பல துளிகளுக்குத் தூசே கிடைப்பதில்லை. பிளாஸ்டிக் துளிகளுக்கும் இதே கதிதான். ஒரு மைக்ரானுக்கும் சிறிதாக நறுக்கப்பட்ட பி.பி. துளிகளில் ஒரு பங்கு தன் வழக்கமான இடத்தில் உறையாமல், பல பத்து டிகிரி கீழே போய்த்தான் உறையும், உருகும்போதும் உறையும்போதும் வெப்ப மாற்றத்தை அளக்கும் டி.எஸ்.சி. சோதனையின் வரைபடத்தில் ஒரு மேடு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மூன்று மேடுகள் சிதறித் தெரியும். துளியைச் சிறிதாக்குவது நல்லது என்று சொல்லிவிட்டு இதை மறைக்க முடியாது. தாழ்ந்த வெப்பநிலையில் அவசரமாக உறைந்த படிகம் மெல்லியது, குறையுள்ளது; பொருள் டையைவிட்டு வந்த பிறகும் மெல்ல மெல்ல ஒழுங்காகிச் சுருங்கும். நன்றாகக் கலந்த பொருள் அளவு மாறினால் காரணத்தை இங்கேயும் தேட வேண்டும்.

இனி எல்லைக்கு வருவோம். வலிமையின் வழக்கு தீர்வது இங்கேதான். கலக்காத இரு உருகல்களின் நடுவே சங்கிலிகள் ஊடுருவும் பட்டை சில நானோமீட்டர்தான். 2000-ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தையும் எக்ஸானையும் சேர்ந்த ஆய்வாளர்கள் சயன்ஸ் இதழில் வெளியிட்ட சோதனை இதை நேராகத் தொட்டது. பாலிஎத்திலீன் தாளையும் பி.பி. தாளையும் உருக்கி ஒட்டிப் பிரித்துப் பார்த்தார்கள். பழைய ஜீக்ளர்–நாட்டா வகை வினையூக்கியால் செய்த பி.பி. எளிதில் பிரிந்தது, மெட்டலோசீன் வினையூக்கியால் செய்த பி.பி. உறுதியாக ஒட்டியது. வேதியியல் பெயர் இரண்டுக்கும் ஒன்றே. முதல் வகையில் படிகமாக முடியாத, ஒழுங்கு கெட்ட சங்கிலிகள் ஓரளவு இருக்கின்றன. அவை எல்லையில் வந்து குவிந்து, நடுவே ஒரு மெத்தைபோலப் படுத்துக்கொள்கின்றன. இரண்டாம் வகையில் அந்தக் குப்பை இல்லை. எல்லையைக் கடந்து பின்னிய சங்கிலிகள் இரு பக்கமும் படிகங்களுக்குள் சிக்கி, ஆணியடித்ததுபோல் நின்றன. ஒட்டுவதற்குப் பின்னல் மட்டும் போதாது, பின்னலின் இரு முனைகளையும் படிகம் கவ்வ வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 2017-ல் கார்னெல், மின்னசோட்டா பல்கலைக்கழகங்களின் குழு இதை மேலும் ஒரு படி எடுத்துச் சென்றது. பாலிஎத்திலீன், பி.பி. துண்டுகள் மாறி மாறி நான்காகக் கோத்த சங்கிலிகளை உருவாக்கி, 70-க்கு 30 என்ற விகிதத்தில் கலந்த பாலிஎத்திலீன்–பி.பி. கலவையில் வெறும் 1 சதவீதம் சேர்த்தார்கள். இழுத்தவுடன் அறுந்துகொண்டிருந்த கலவை, தன் நீளத்தைப் போல் பல மடங்கு நீளும் பொருளானது. ஒவ்வொரு துண்டும் தன் இனத்தின் படிகத்தில் போய் உட்கார்ந்துகொண்டதே காரணம். விகிதம் மாறவில்லை, எல்லை மட்டும் மாறியது.

"இவ்வளவு பாடு எதற்கு? ஒழுங்காகப் பிரித்துவிட்டால் கலவையே வராதே" என்பது முதல் மறுப்பு. பிரிப்பதே சிறந்தது என்பதில் இரு கருத்தில்லை. கைப்பிரிப்புக்கும் அகச்சிவப்புக் கருவிக்கும் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் பின்னால் மிச்சமாகும். ஆனால் மூடியின் வளையம் பாட்டிலின் கழுத்திலேயே தங்கிவிடுகிறது, ஒட்டுத்தாள் பி.பி.யாக இருக்கிறது, கறுப்பு நிறத்தை அகச்சிவப்புக் கருவி பெரும்பாலும் காண்பதில்லை. தண்ணீர்த் தொட்டி உதவாது என்பதை முன்பே பார்த்தோம். போதாக்குறைக்கு, பக்கெட்டுக்கும் நாற்காலிக்கும் பயன்படும் அடி தாங்கும் பி.பி. ரகங்களுக்குள் எத்திலீன் சேர்ந்த துளிகள் தொழிற்சாலையிலேயே வைக்கப்படுகின்றன. கலவையே இல்லாத பி.பி.யைத் தேடுகிறவர் புதிய சரக்கிலேயே கலவையைத்தான் வாங்குகிறார்.

"கலக்காததை இணைத்துவைக்கும் கம்பாட்டிபிலைசர் போட்டால் தீர்ந்துவிடும்" என்பது இரண்டாவது. பாதி உண்மை. எத்திலீன்–ஆக்டீன் எலாஸ்டோமர், எத்திலீன்–புரொப்பிலீன் ரப்பர் போன்றவை துளியைச் சிறிதாக்கி, அது மீண்டும் சேராமல் தடுத்து, அடியையும் தாங்கவைக்கும். அவை மென்மையானவை, அளவு கூடக் கூட விறைப்பு குறையும், செலவும் ஏறும். மெலேயிக் அன்ஹைட்ரைடு ஒட்டிய பி.பி.யை எல்லாக் கலவைக்கும் மருந்தாகப் போடுவது அதைவிடப் பெரிய தவறு. அது நைலானின் அமீன் முனையோடு வினைபுரிந்து பி.பி.–நைலான் கலவையைக் காப்பாற்றும். பாலிஎத்திலீனில் அது பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. சரியான கம்பாட்டிபிலைசரும் தன் வேலையைப் படிகத்தின் வழியாகத்தான் செய்கிறது என்பதை மேலே கண்டோம். ஆறுவதைக் கவனிக்காமல் அதை மட்டும் வாங்கினால் பாதி விலை வீண்.

மூன்றாவது மறுப்புதான் வலுவானது: "சிறிய படிகம் நல்லது என்றால், டையை எவ்வளவு குளிர வைக்க முடியுமோ அவ்வளவு குளிர வைத்தால் போயிற்று, சைக்கிள் நேரமும் குறையும்." தனி பி.பி.க்கு இது பெரும்பாலும் சரி, கலவைக்குப் பல சமயம் தவறு. ஊசி வார்ப்பில் டைச் சுவரை ஒட்டிய உருகல் மிகுந்த உரசலோடு ஓடி, உடனே உறைகிறது. துளிகள் அங்கே நாராகவும் தகடாகவும் நீண்டு, மறுபடி உருண்டையாக நேரம் கிடைக்காமல் அப்படியே சிறைப்படுகின்றன. கேட் அருகே ஏடு உரிவதற்கு இதுவே காரணம். நடுப்பகுதியில் ஓட்டமும் மெல்ல, ஆறுதலும் மெல்ல என்பதால் துளிகள் உருண்டையாகவே இருக்கும். ஒரே பொருளில் இரண்டு உள்ளமைப்பு, இரண்டு சுருக்கம். பி.பி. பொதுவாக நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை சுருங்கும், ஹெச்.டி. அதைவிட அதிகம், பொருள் கோணும். திரவ ஹெச்.டி. பி.பி.யின் இடுக்குகளுக்குள் இழுக்கப்பட்டுப் பூட்டிக்கொள்வதற்கும் நேரம் வேண்டும். அந்த நேரத்தைத்தான் குளிர்ந்த டை பறித்துக்கொள்கிறது. ஆகவே இந்தக் கலவைக்கு என் பரிந்துரை இரண்டு பகுதி கொண்டது. கருக்களின் எண்ணிக்கையைக் கருவாக்கியால் கூட்டுங்கள், குளிரால் கூட்டாதீர்கள். டையைச் சற்று வெதுவெதுப்பாக வைத்து, உட்செலுத்தும் வேகத்தைக் குறையுங்கள். சைக்கிள் சில வினாடி நீளும். கருவாக்கி பி.பி.யை முன்னதாகவே உறையச் செய்வதால் அதில் ஒரு பங்கு திரும்பக் கிடைத்துவிடும். மெல்ல உறையும் பிளாஸ்டிக்குகளில் இதே பாடம் இன்னும் உரக்கக் கேட்கிறது. மக்கும் பொருள்களுக்குப் பயன்படும் பி.எல்.ஏ. குளிர்ந்த டையில் படிகமாகவே ஆகாமல் கண்ணாடிபோல் உறைந்துவிடும். 60 டிகிரியிலேயே தளர்ந்து சூடான தேநீருக்கு வளைந்துகொடுக்கும். அதோடு பி.பி.ஏ.டி. என்ற மென்மையான மக்கும் பிளாஸ்டிக்கைக் கலந்தால் முறியாமை கிடைக்கும், சூடு தாங்கும் தன்மை கிடைக்காது. அதற்குக் கருவாக்கியும் 100 டிகிரியை ஒட்டிய டையும் வேண்டும்.

"இதையெல்லாம் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டுமே" என்று சிறு பட்டறைக்காரர் கேட்பது நியாயம். எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டாம். நூறு மடங்கு பெருக்கும் பள்ளி நுண்ணோக்கி, பழைய கால்குலேட்டர் திரையிலிருந்து எடுக்கக்கூடிய இரண்டு போலராய்டு தாள்கள், கண்ணாடிச் சில்லு, சூட்டுத்தட்டு போதும். குருணையின் ஒரு துணுக்கை இரண்டு கண்ணாடிகளுக்கிடையே சுமார் 200 டிகிரியில் உருக்கி அழுத்தி மெல்லிய படலமாக்குங்கள்; 130 டிகிரி அளவில் சில நிமிடம் நிறுத்தி, பிறகு ஆறவிடுங்கள். ஒரு தாளைக் கீழேயும் மற்றதை அதற்குக் குறுக்காக மேலேயும் வைத்துப் பார்த்தால், பி.பி.யின் கோளங்கள் ஒவ்வொன்றும் நடுவில் கரும் சிலுவையோடு தெரியும், ஹெச்.டி. இருக்கும் இடம் நுண்ணிய மணல்போல் மின்னும். துளிகள் கோளத்துக்குள் விழுங்கப்பட்டிருக்கின்றனவா, எல்லைகளில் ஒதுக்கப்பட்டிருக்கின்றனவா என்பதை அதே பார்வையில் அறியலாம். கருவாக்கி சேர்த்த மாதிரியையும் சேர்க்காததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளக்கமே தேவைப்படாது.

விகிதத்தை அறிய டி.எஸ்.சி. சோதனைக்கு அனுப்பலாம், சென்னை கிண்டியில் 1968 முதல் இயங்கும் சிப்பெட் போன்ற நிலையங்கள் இதற்கென்றே இருக்கின்றன. அறிக்கையை வாசிப்பதில் இரண்டு கவனம் வேண்டும். 130 டிகிரி மேட்டையும் 165 டிகிரி மேட்டையும் பரப்பளவில் அப்படியே ஒப்பிட்டு விகிதம் சொல்லிவிடக் கூடாது. முழுப் படிகப் பாலிஎத்திலீனை உருக்கக் கிராமுக்கு சுமார் 293 ஜூல் வேண்டும், பி.பி.க்கு 207 ஜூல், ஹெச்.டி.யில் படிகப் பங்கும் அதிகம். எனவே ஒரு கிராம் ஹெச்.டி. எழுப்பும் மேடு ஒரு கிராம் பி.பி. எழுப்புவதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும். இரண்டு மேடுகளும் சமம் என்றால் கலவையில் ஹெச்.டி. மூன்றில் ஒரு பங்குதான். அடுத்தது, 115 முதல் 120 டிகிரி வாக்கில் ஒரு சிறு மேடு தெரிந்தால் உடனே கலப்படம் என்று சரக்கைத் திருப்பாதீர்கள். அடி தாங்கும் பி.பி. ரகத்துக்குள் தொழிற்சாலையே வைத்த எத்திலீன் பகுதியாகவும் அது இருக்கலாம். முதல் சூட்டை மட்டும் பார்க்காமல், குளிரும் வரைபடத்தையும் இரண்டாம் சூட்டையும் கேட்டு வாங்குங்கள். முதல் சூடு உங்கள் டையின் கதையைச் சொல்லும், குளிரும் வரைபடம் யார் முதலில் உறைகிறார் என்பதைச் சொல்லும், இரண்டாம் சூடு பொருளின் இயல்பைச் சொல்லும்.

கடைசியாகச் சோதனை நேரம். டையிலிருந்து எடுத்த சூட்டோடு வளைத்துப் பார்த்து "நல்லாயிருக்கு" என்று அனுப்பிவிடுவது வழக்கம். பி.பி. அறை வெப்பத்திலும் நாள்கணக்கில் மெல்லப் படிகமாகிக்கொண்டே இருக்கும். முதல் நாள் வளைந்தது ஏழாம் நாள் முறியலாம். ஒவ்வொரு தொகுதியிலும் பத்துப் பட்டைகள் அடித்து, ஐந்தை மறுநாளும் ஐந்தை ஒரு வாரம் கழித்தும் வளைத்துப் பாருங்கள். கேட் பக்கத்தில் கத்தி நுனியால் கீறி ஏடு எழுகிறதா என்று பாருங்கள். வளைத்த இடம் வெளுக்கிறதா, வெளுக்காமல் முறிகிறதா என்பதையும் குறியுங்கள். பட்டையோடு ஒட்டி வைக்கும் சீட்டில் சரக்கின் விகிதத்துக்குக் கீழே டையின் வெப்பநிலை, குளிர்நீர் உள்ளே போன வெப்பநிலை, வெளியே வந்த வெப்பநிலை, ஆறிய வினாடிகள், சேர்த்த நிறத்தின் பெயர் ஆகியவற்றையும் எழுதுங்கள். அடுத்த தொகுதி முறியும்போது முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது அந்தச் சீட்டைத்தான்.